இராமநாதபுரம் கரையில் வண்டி அடுக்களை: பெட்டியா, இழுப்பறையா, பின்தொட்டியா?

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியவர்களின் அடுத்த ஆசை பெரும்பாலும் அதற்குள் ஓர் அடுக்களை. வெள்ளிக்கிழமை மாலை மதுரையிலோ திருச்சியிலோ கிளம்ப வேண்டும். உச்சிப்புளி, பெரியபட்டினம், மூக்கையூர் பக்கம் தெரிந்தவர் தோப்பில் இரண்டு இரவு தங்க வேண்டும். விடியற்காலையில் கரைக்கு வரும் மீனை ஏலத்திலேயே வாங்கி, தோப்பு நிழலில் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும். நல்ல ஆசை. ஆனால் அதற்காக இணையத்தில் தேடும்போது கண்ணில் படுகிற வண்டிகள் ஆஸ்திரேலியச் செம்மண்ணிலும் லடாக்கின் குளிரிலும் நிற்பவை. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் கேட்கிறார்கள்: பின்பக்கம் இழுப்பறை அடித்துக்கொள்ளலாமா, பெட்டியே போதுமா, இதற்காகவே பிக்கப் வண்டி வாங்கலாமா, கேஸா இண்டக்‌ஷனா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரைக்கு ஏற்றது, முழுவதையும் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்று நல்ல தண்ணீரில் கழுவக்கூடிய அடுக்களை. வண்டியோடு சேர்த்து முடுக்கிய ஒவ்வொன்றுக்கும் உப்புக் காற்று வருடந்தோறும் வாடகை கேட்கும். இதற்கு விலக்கான சூழ்நிலைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் காற்று. பாம்பன், தனுஷ்கோடி பக்கம் காற்று ஓய்வது குறைவு. மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சானும் சோழகமும் வீசும். மழைக்காலம் தொடங்கியதும் வாடை வடகிழக்கிலிருந்து வரும். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்குபவர்கள் இராமேஸ்வரத்தைத் தேடி வருவதே இந்த விடாத காற்றுக்காகத்தான். அவர்களுக்கு வரமான அதே காற்று அடுப்புக்குப் பகை. திறந்த வெளியில் கேஸ் சுடரின் பாதிச் சூடு பாத்திரத்தின் பக்கவாட்டில் ஓடிவிடும். காற்று எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டால் இடத் தேர்வும் எளிது. கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். ஆண் கடல், பெண் கடல் என்று இங்குள்ளவர்கள் பிரித்துச் சொல்லும் இரண்டு கடல்களும் பாம்பன் தீவின் இரு பக்கமும் இருப்பதால், ஒரு கரை சரியில்லை என்றால் மறு கரைக்கு வண்டியைத் திருப்பிவிடலாம். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் இரண்டு பக்கத்துக்கும் நடுவான, ஓரளவு அமைதியான காலம்.

அடுத்தது உப்பு. கரையோரக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் கலந்திருக்கிறது. அது வண்டியின் ஒவ்வொரு இடுக்கிலும் படியும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். அதனால் வண்டி ஊர் திரும்பி வீட்டு வாசலில் நின்றாலும், கழுவாத உப்பு ஈரமான ஒவ்வோர் இரவிலும் இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். கடலில் சக்கரம் படவில்லையே என்று நினைப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது நன்னீர். என்னைப் பொறுத்தவரை இதுவே முதன்மையானது. இந்த மாவட்டத்தின் கரையோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. குடங்களை வரிசையாக வைத்துக் குழாயடியில் காத்திருக்கும் பெண்களைக் கரையோர ஊர்களில் பார்க்கலாம். தனுஷ்கோடியில் மீனவக் குடும்பங்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, சிறிது சிறிதாகச் சுரக்கும் நீரை மொண்டு எடுக்கிறார்கள். அந்த ஊற்றுகளில் பாத்திரம் கழுவுவதோ, ஊர்க் குழாயில் நம் இருபது லிட்டர் கேனைப் பிடிப்பதோ சரியில்லை. தண்ணீரை வீட்டிலிருந்தோ, இராமநாதபுரம் நகரில் விலைக்கு வாங்கியோ கொண்டுவர வேண்டும். நால்வர் இரண்டு நாள் குடிக்க, சமைக்க, அலச, சிக்கனமாகச் செலவழித்தாலும் 40 லிட்டர் ஆகும். அதாவது 40 கிலோ. அடுக்களைக்கு இடம் ஒதுக்குவதற்கு முன்பு இந்த 40 லிட்டருக்கு இடம் ஒதுக்குங்கள்.

நான்காவது எடை. மணல் தடத்தில் போகும்போது டயர் காற்றை 16 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை குறைத்து ஓட்டுவது வழக்கம். அப்போது பின்பக்கம் கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு கிலோவும் சக்கரத்தைப் புதைக்கும். ஐந்தாவது, வண்டியின் மற்ற வேலைகள்: திங்கட்கிழமை பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போகும் அதே வண்டியா, பயணத்துக்கென்றே வைத்திருப்பதா? பலரின் முடிவு இந்த ஒன்றிலேயே தீர்ந்துவிடும்.

வண்டி எங்கே போகலாம், எங்கே கூடாது

அடுக்களையின் வடிவத்தைத் தீர்மானிப்பதில் இதற்கும் பங்கு உண்டு. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு முன்பெல்லாம் மணலில் ஓடும் வேன்களில்தான் போக முடிந்தது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தபின் எந்த வண்டியும் போகலாம். ஆனால் பொழுது சாய்ந்தபின் அங்கே தங்க விடுவதில்லை. எனவே அரிச்சல்முனையில் இரவுச் சமையல் என்று திட்டமிட வேண்டாம். அப்பகுதியில் 2025இல் பூநாரைச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கியவை. வனத்துறை அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது.

கடற்கரை மணல்மேல் வண்டியை ஏற்றுவதை நான் ஏற்பதில்லை. அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து நிறுத்தியிருக்கும் மணல்மேட்டை ஒரே ஓட்டத்தில் நான்கு சக்கரங்கள் கலைத்துவிடும். வருடத் தொடக்க மாதங்களில் அதே மணலில் கடலாமைகள் முட்டையிடுகின்றன. ஃபோர் வீல் டிரைவ் உண்மையில் பயன்படுவது பிரதான சாலையிலிருந்து பனங்காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் மீனவக் குடியிருப்புக்கும் பிரியும் மணல் தடங்களில். தங்குவதும் அங்கேதான் முறையாக அமையும்: சொந்தக்காரரின் அனுமதியோடு, வேலிக்குள், நிழலில். இலங்கை அருகில் இருப்பதால் கடலோரக் காவல் இங்கே இறுக்கமானது. அடையாள அட்டையை வைத்திருங்கள். தங்கும் செய்தியை அருகிலுள்ள காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

தோப்பு என்றால் வண்டியை நிழலில் நிறுத்தி, அடுப்பைச் சற்றுத் தள்ளி, சுவரோ வேலியோ மறைக்கும் இடத்தில் வைத்துக்கொள்ள முடியும். வண்டியின் பின்பக்கத்திலேயே அடுப்பு பொருந்தியிருந்தால் இந்தச் சுதந்திரம் இல்லை. கீழே வரும் ஒப்பீட்டில் இதை நினைவில் வையுங்கள்.

மூன்று அமைப்புகள், ஒரே பார்வையில்

| அளவுகோல் | தூக்கும் பெட்டி | பொருத்திய இழுப்பறை | பிக்கப் பின்தொட்டி |
|---|---|---|---|
| காற்று | அடுப்பை மறைவான இடத்துக்கு நகர்த்தலாம் | வண்டியைத் திருப்பித்தான் காற்றை மறைக்க வேண்டும் | பக்கச் சுவர் ஓரளவு மறைக்கும் |
| உப்பு | எல்லாவற்றையும் கழற்றிக் கழுவலாம் | இழுப்பறை நழுவும் தடங்களும் திருகுகளும் முதலில் கெடும் | திறந்த தொட்டி முழுவதும் நனையும், கழுவுவதும் எளிது |
| எடை | 25 முதல் 35 கிலோ | 80 கிலோவும் அதற்கு மேலும் | மேல்கூடு (தொட்டியை மூடும் கூண்டு) போட்டால் இன்னும் கூடும் |
| சமையல் தொடங்க | கால் மணி நேரம் | இரண்டு மூன்று நிமிடம் | பத்து நிமிடம் |
| அன்றாட ஓட்டம் | இறக்கிவிட்டால் பழைய வண்டி | பின் இருக்கையோ டிக்கியோ போனதுதான் | குடும்ப வண்டியாகச் சற்றுச் சிரமம் |
| மழையில் | பந்தல் வேண்டும் | கதவு மேல்நோக்கித் திறந்தால் கூரை உண்டு | மேல்கூடு வேண்டும் |

தூக்கும் பெட்டி

மூடியுள்ள உறுதியான பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டு, மடக்கு மேசை ஒன்று, தனியாகத் தண்ணீர் கேன்கள். ஒரு பெட்டியில் அடுப்பு, குக்கர், சட்டி, கத்தி, கரண்டி. மற்றதில் அரிசி, புளி, மிளகாய், எண்ணெய். அவ்வளவே. ஜிம்னி போன்ற சிறிய வண்டிக்கு வேறு வழியும் இல்லை: பின் இருக்கை நிமிர்ந்திருக்கும்போது அதன் டிக்கி 208 லிட்டர்தான். இருவர் பயணம் என்றால் இருக்கையை மடித்துக்கொள்ளலாம்.

இதன் பெரிய நன்மை ஞாயிறு இரவில் தெரியும். பெட்டிகளை அப்படியே இறக்கி, மறுநாள் முற்றத்தில் கவிழ்த்து, குழாய் நீரில் அலசி வெயிலில் வைத்துவிடலாம். மணல், மீன் வாடை, உப்பு எல்லாம் அதோடு போய்விடும். எந்தப் பாகம் துருப்பிடித்தாலும் அதை மட்டும் மாற்றினால் போதும். வண்டியை விற்று வேறு வாங்கினாலும் அடுக்களை கூடவே வரும்.

மறைமுகச் செலவும் உண்டு. பெட்டியைக் கட்டாமல் ஓட்டுவது ஆபத்து. திடீரென பிரேக் அடித்தால் முப்பது கிலோ பெட்டி முன் இருக்கையின் முதுகில் வந்து இடிக்கும். தரையில் உள்ள கொக்கிகளில் ராட்செட் பட்டை போட்டு இறுக்க வேண்டும், சில வண்டிகளில் அந்தக் கொக்கிகளையே தனியாகப் பொருத்த வேண்டியிருக்கும். முதுகுவலி உள்ளவர்களுக்கு ஏற்றி இறக்குவது உண்மையான சிரமம்; அவர்கள் இரண்டு பெரிய பெட்டிகளுக்குப் பதில் நான்கு சிறிய பெட்டிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். மடக்கு மேசையின் கால்களுக்கு அடியில் அகலமான பலகைத் துண்டுகளை வையுங்கள். இல்லையென்றால் மணலில் ஒரு கால் இறங்கி, கொதிக்கும் குழம்பு சாயும். கால்களை மடக்கும் இணைப்புகளில் இரும்பு ரிவெட் இருந்தால் அதுதான் முதலில் இற்றுப்போகும், வாங்கும்போது பாருங்கள்.

மாதத்துக்கு ஒரு வாரக்கடைசி, வருடத்துக்கு ஒரு நீண்ட விடுமுறை என்ற அளவில் வருபவர்களுக்கு இதைத் தாண்டி எதுவும் தேவையில்லை.

பொருத்திய இழுப்பறை

பார்க்க அழகானது. பின்கதவைத் திறந்து இழுத்தால் அடுப்பும் வெட்டும் பலகையும் வெளியே வரும். பாதையோரத்தில் நிறுத்தி ஐந்து நிமிடத்தில் டீ போட்டுவிடலாம். தொடர்ந்து இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு, சாயல்குடியில் காலை, தேவிபட்டினத்தில் மதியம், தொண்டியில் இரவு என்று ஓடுபவர்களுக்கு, இந்த வேகம் உண்மையில் பயன்படும். வருடத்தில் பல வாரங்களை வண்டியிலேயே கழிக்கும் புகைப்படக்காரர், பறவை பார்ப்பவர், கள ஆய்வாளர் ஆகியோருக்குச் செய்த செலவு திரும்பக் கிடைக்கும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். எட்டுக்கு நான்கு அடி அளவுள்ள 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று 30 கிலோவுக்கு மேல் இருக்கும். ஓர் இழுப்பறைக்கு இரண்டு பலகைகள் ஆகிவிடும். கனமான தடங்கள், அடுப்பு, பாத்திரம் எல்லாம் சேர்ந்து 80 கிலோவை எளிதாகத் தாண்டும். அதன்மேல் 40 லிட்டர் தண்ணீர். ஒரு பெரிய ஆளும் ஒரு சிறுவனும் எப்போதும் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் பாரம் இது. பின் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டி வரலாம். திங்கட்கிழமை அலுவலகம் போகும்போதும் அந்த எடைக்கு டீசல் போட வேண்டும்.

இங்கே முதலில் கெடுவது தடங்களின் பந்து உருளைகள். கிரீஸ் தடவினால் அது பொடி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தடவாவிட்டால் உப்பு அரிக்கும். சாதாரண துத்தநாகப் பூச்சுத் தடங்கள் கரையோரத்தில் நீண்ட நாள் தாங்காது. துருப்பிடிக்காத எஃகு என்று கடையில் சொன்னாலும் எந்தத் தரம் என்று கேளுங்கள்: 304 தரத்தில் கரையோரக் காற்றால் பழுப்புக் கறை வரும், 316 தாங்கும், விலையும் அதற்கேற்பக் கூடும். எடையைக் குறைக்க அலுமினியச் சட்டம் போட்டு அதில் எஃகுத் திருகு முடுக்கினால், உப்பு ஈரம் படும்போது இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி வினை நடந்து அலுமினியம் பொடியாகும். இடையில் நைலான் வாஷர் போட வேண்டும். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் தரம். வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றிலும் எப்பாக்ஸி பூச்சு.

சட்டப் பக்கத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. இழுப்பறைக்காகப் பின் இருக்கையை நிரந்தரமாக எடுத்துவிட்டால் இருக்கை எண்ணிக்கை மாறுகிறது. கழற்றக்கூடியபடி போல்ட்டில் நிறுத்துவதே நல்லது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இதைக் காரணம் காட்டுமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்கதவையும் கவனியுங்கள். தார், ஜிம்னி, கூர்க்கா, ஸ்கார்பியோ-என் போன்றவற்றில் பின்கதவு பக்கவாட்டில் திறக்கும். அது அடுப்புக்கு ஒரு பக்கச் சுவராகும், கூரையாகாது. சோழகம் பலமாக அடிக்கும்போது அந்தக் கதவு திரும்பி வந்து சமைப்பவரின் முழங்கையில் மோதும், பட்டை போட்டுக் கட்ட வேண்டும். ஃபார்ச்சூனர் போல மேல்நோக்கித் திறக்கும் கதவில் நிழலும் மழைத்தடுப்பும் கிடைக்கும், காற்றுத்தடுப்பு கிடைக்காது. வண்டியின் முகத்தைக் காற்றுக்கு எதிரே வைத்தாலும் பின்பக்கம் காற்று சுழலும் என்பதால் சுடர் ஆடிக்கொண்டே இருக்கும். முகத்தைச் சற்றுச் சாய்வாக நிறுத்தினால் இது குறையும்.

பிக்கப் பின்தொட்டி

வி-க்ராஸ், ஹைலக்ஸ் போன்ற இரட்டைக் கேபின் பிக்கப் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் இது நல்ல தேர்வு. சமையல் பொருளும் மீன் வாடையும் பயணிகள் இருக்கும் அறைக்கு வெளியே இருப்பது பெரிய நிம்மதி. கேஸ் சிலிண்டரைத் திறந்த தொட்டியில் நிமிர்த்திக் கட்டிக்கொண்டு போவது, மூடிய வண்டிக்குள் வைப்பதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது, கசிந்தாலும் கலைந்துவிடும். ஊர் திரும்பியதும் ஹோஸ் பைப்பைப் பிடித்துத் தொட்டியை அப்படியே கழுவிவிடலாம்.

மேல்கூடு போட்டுப் பக்கக் கதவு வைத்து முழு அடுக்களையாக்கினால் இழுப்பறையின் குறைகள் எல்லாம் இங்கும் வரும், விலையும் ஏறும். என் யோசனை: தொட்டியில் தூக்கும் பெட்டிகளையே வையுங்கள், மேலே தார்ப்பாய், அவ்வளவு போதும். அடுக்களைக்காக மட்டும் பிக்கப் வாங்க வேண்டாம். நீளமான வண்டி, இராமேஸ்வரம் கோவில் தெருக்களிலும் கீழக்கரைச் சந்துகளிலும் திருப்பவே சிரமப்படுவீர்கள்.

எதில் சமைப்பது

*கேஸ்.* முகவரிச் சான்று கேட்காமல், அடையாள அட்டையை மட்டும் பார்த்துத் தரும் 5 கிலோ சிலிண்டரே இங்கே நம்பகமானது. நடுத்தர அடுப்பு மணிக்கு 150 முதல் 200 கிராம் வரை எரிக்கும் என்று வைத்தால், ஒரு சிலிண்டர் 25 மணி நேரத்துக்கு மேல் வரும். காற்றில் அது சுருங்கும் என்றாலும் பல வாரக்கடைசிகளுக்குக் கவலையில்லை. கைக்கு அடக்கமான 220 கிராம் பியூட்டேன் குப்பியில் எரியும் கேசட் அடுப்பு எளிது, ஆனால் முழுச் சுடரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். இன்னொரு சிக்கல், அந்தக் குப்பிகளை 50 டிகிரிக்கு மேல் சூடாக விடக் கூடாது. மே மாத வெயிலில் பூட்டி நிற்கும் வண்டிக்குள் வெப்பம் அதைத் தாண்டிவிடும். நிழலில், வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

காற்று அடிக்கிறதே என்று கேசட் அடுப்பைத் தகடு வைத்துச் சுற்றிலும் அடைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு அச்சமாக இருக்கிறது. குப்பி சூடேறி வெடிக்கும். தடுப்பு காற்று வரும் பக்கம் மட்டும், குப்பி இருக்கும் பக்கம் எப்போதும் திறந்து. 5 கிலோ சிலிண்டரில் ரப்பர் குழாய் வைத்து அடுப்பைத் தள்ளி வைக்க முடிவதால் இந்த ஆபத்து குறைவு. இங்கே நான் அதைத் தேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. மூடிய வண்டிக்குள் கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஓட்டும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, நிமிர்த்திக் கட்டி, ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் கதவுகளைத் திறந்து விலகுங்கள். தெருவோரக் கடைகளில் பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதில் நிரப்பித் தருவதை எந்த அவசரத்திலும் ஏற்காதீர்கள். மழை வந்தாலும் மூடிய வண்டிக்குள் சமைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

*இண்டக்‌ஷன்.* காற்று இதை எதுவும் செய்யாது என்பது இந்தக் கரையில் பெரிய நன்மை. சுடர் இல்லை, ஓலை வேலிக்கு ஆபத்து இல்லை. ஆனால் மின்சாரம்? 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் 1.28 யூனிட். நால்வருக்குச் சோறு, குழம்பு, டீ என்று ஒரு வேளைக்கு 0.6 யூனிட்டுக்குக் குறையாது. இன்வெர்ட்டரில் பத்தில் ஒரு பங்கு வீணாகும். இரண்டு வேளையில் பேட்டரி தீர்ந்துவிடும். 1000 வாட்டில் சமைக்கும்போது பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 90 ஆம்பியர் ஓடும். தடித்த கேபிளும் ஃபியூஸும் இல்லாமல் இதைச் செய்தால் வண்டியே எரியலாம்.

வெயிலுக்கு இங்கே குறைவில்லை. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் அமைந்தது அதனால்தான். கூரையில் 200 வாட் தகடு இருந்தால் தெளிந்த நாளில் முக்கால் யூனிட்டுக்கு மேல் எதிர்பார்க்கலாம். ஆனால் வெயிலுக்குப் பயந்து வண்டியைத் தென்னை நிழலில் நிறுத்தினால் தகடும் நிழலில்தான். தினமும் மூன்று நான்கு மணி நேரம் ஓட்டுபவர்கள் டிசி-டிசி சார்ஜர் வைத்து, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியை ஏற்றிக்கொள்ளலாம். ஒரே தோப்பில் இரண்டு நாள் படுப்பவர்களுக்கு இந்தச் செலவு வீண்.

*கரி.* சீமைக்கருவேலக் கரி இந்த மாவட்டத்திலேயே சுடப்படுகிறது. எங்கும் மலிவாகக் கிடைக்கும். பாறையையோ விளமீனையோ மஞ்சள், உப்பு, இராமநாதபுரம் முண்டு மிளகாய் அரைத்துத் தடவிக் கரியில் சுடுவதற்கு ஈடு கிடையாது. அந்த மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் மணத்துக்கே தகும். ஆனால் கரி துணை அடுப்பாக மட்டும் இருக்கட்டும். காற்று பலமான நாளில் ஒரு பொறி ஓலைக் கொட்டகையிலோ வலைக் குவியலிலோ விழுந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போய்விடும். கால் வைத்த தட்டு அடுப்பில் மட்டும் எரித்து, தண்ணீர் ஊற்றி அணைத்து, சாம்பலைத் தகர டப்பாவில் திரும்ப எடுத்துப் போங்கள். மணலில் புதைத்த கங்கு மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். அடுத்து வெறுங்காலில் வருபவர் மீனவரின் பிள்ளையாக இருக்கலாம்.

மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ்வை இங்கே சேர்க்கவில்லை. எண்ணெய் கிடைப்பதே அரிதாகிவிட்டது.

ஐஸ் பெட்டியா, ஃபிரிட்ஜா

இதில் எனக்குத் தயக்கமே இல்லை, இந்தக் கரையில் ஐஸ் பெட்டிதான். மீன்பிடி ஊர்களில் ஐஸ் கம்பெனிகள் உண்டு. பார் ஐஸை உடைத்துத் தருவார்கள். 10 கிலோ ஐஸ் உருகும்போது உறிஞ்சும் வெப்பம் ஏறத்தாழ 0.9 யூனிட்டுக்குச் சமம். நல்ல பெட்டியில் இரண்டு நாளைத் தாண்டும். அந்த ஐஸை மீனுக்கு மட்டும் பயன்படுத்துங்கள், குடிக்கும் எதிலும் போடாதீர்கள். பெட்டியின் வடிகால் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். மீன் தண்ணீர் ஒருமுறை வண்டியின் தரைவிரிப்பில் இறங்கினால் அந்த வாடை மாதக்கணக்கில் போகாது. தரைவிரிப்பை முழுதாகக் கழற்றிக் கழுவும் கூலி ஒரு நல்ல ஐஸ் பெட்டியின் விலைக்கு அருகில் வரும்.

கைக்குழந்தைக்குப் பால், இன்சுலின் போன்ற மருந்து கொண்டுபோக வேண்டியவர்கள் மட்டும் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வாங்கலாம். வெயில் நாளில் அது அரை யூனிட் வரை இழுக்கும் என்பதால் தனிப் பேட்டரி வேண்டும். வண்டியின் ஸ்டார்ட்டிங் பேட்டரியில் இரவெல்லாம் ஓட்டினால் காலையில் வண்டி கிளம்பாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப் படகு மீன் மட்டும் கிடைக்கும், விலை கூடும். அந்த மாதங்களில் வருபவர்கள் முட்டையும் கருவாடும் கையில் வைத்திருப்பது நல்லது.

யாருக்கு எது

குழந்தைகளோடு இரண்டு இரவு வருபவர்களுக்குத் தூக்கும் பெட்டி, 5 கிலோ கேஸ், ஐஸ் பெட்டி. சிறிய வண்டியில் வரும் இருவருக்கு ஒரு பெட்டி, கேசட் அடுப்பு, கரி ஒரு பை. மாதக்கணக்கில் கரையோரமாக ஊர் ஊராகப் போகிறவருக்கு அலுமினிய இழுப்பறையும் 316 தர எஃகும். அவரால் இண்டக்‌ஷனையும் நியாயப்படுத்த முடியும். பிக்கப் வைத்திருப்பவருக்குத் தொட்டியில் பெட்டிகள். கோவிலுக்கும் தனுஷ்கோடிக்கும் போய்விட்டு விடுதியில் தங்கப் போகிறவர்கள் எதையும் வாங்க வேண்டாம்: ஒரு ஃபிளாஸ்க் போதும், மற்றதை இராமேஸ்வரத்து ஓட்டல்கள் பார்த்துக்கொள்ளும்.

எதைத் தேர்ந்தாலும் பாத்திரம் துலக்குவது இப்படி: எண்ணெய்ப் பிசுக்கை முதலில் பழைய செய்தித்தாளால் துடைத்தெடுங்கள், பிறகு கடல் நீரில் மணல் போட்டுத் தேய்த்து, கடைசியாக ஒரு குவளை நன்னீரில் அலசுங்கள். சோப்பு நீரைக் கடலிலும் ஊற்றுக்கு அருகிலும் கொட்டக் கூடாது. துடைத்த தாளும் மீன் செதிலும் ஊர் திரும்பும் பையில்.

இன்னும் முடிவெடுக்க முடியாதவர்கள் முதலில் தண்ணீர் கேன்கள், இரண்டு பெட்டிகள், கட்டும் பட்டைகள் ஆகியவற்றை மட்டும் வாங்கி, வீட்டிலுள்ள பழைய பாத்திரங்களோடு கச்சான் காலத்தில் ஒருமுறையும் வாடைக் காலத்தில் ஒருமுறையும் வந்து பாருங்கள். இழுப்பறைக்கு அளவெடுக்க ஆசாரியை அழைப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.